லயத்துப் பின்பக்கப் பாத்தியில் பெரிய பீட்ரூட்

இலை தளதளவென்று முழங்கால் உயரத்துக்கு நிற்கும். பிடுங்கினால் அடியில் எலுமிச்சங்காய் அளவுக்குத்தான் கிழங்கு. இலங்கை மலையகத்தில் வீட்டுப் பாத்தியில் பீட்ரூட் போடுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. உடனே கை யூரியாப் பைக்குப் போகிறது. யூரியா அந்த இலையைத்தான் இன்னும் கூட்டும். கிழங்கு சிறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் முதல் ஆறு வாரத்துக்குள் செடிகள் ஒன்றையொன்று நெருக்கியதுதான். அதற்கு அடுத்த காரணம் மண்ணின் புளிப்பு. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் பசளைக்குச் செலவழிப்பது வீண்.

கீழே வரும் அளவுகள் எல்லாம் 3 அடி அகலமும் 10 அடி நீளமும் உள்ள ஒரு பாத்திக்கு. அது ஏறக்குறைய 2.8 சதுர மீற்றர். கையில் இருக்கும் இடத்தைப் பொறுத்துப் பெருக்கிக்கொள்ளலாம். கவனமாகச் செய்தால் இப்படி ஒரு பாத்தியில் 90 செடி நிற்கும். 12 முதல் 15 கிலோ வரை எடுக்கலாம்.

எப்போது போடுவது

மேற்குச் சரிவிலும் (ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவ) நுவரெலியாப் பக்கமும் வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவமழை விடாமல் அடிக்கும். அந்த மாதங்களில் வெயில் குறைவு, இலைப்புள்ளி அதிகம், கிழங்கு மெதுவாகத்தான் தடிக்கும். ஆகவே தை கடைசியிலோ மாசியிலோ விதை போட்டு, பெருமழைக்கு முன் எடுத்துவிடுவதே நல்லது. ஊவாப் பக்கம் (வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளை) கணக்கு வேறு. ஐப்பசி முதல் மார்கழி வரை அங்கே மழை கனம்; ஆனி, ஆடியில் காற்றும் வறட்சியும். மாசி, பங்குனியில் போட்டால் இரண்டு தொல்லைக்கும் நடுவில் பயிர் முடிந்துவிடும். தண்ணீர் வசதி உள்ளவர்கள் காய்ந்த மாதங்களிலும் போடலாம். கிழங்குக்கு நல்ல நிறம் பிடிக்கும்.

உயரத்தைப் பொறுத்து நாளும் மாறும். நுவரெலியா, கந்தப்பளை போல 1,800 மீற்றருக்கு மேலே 12 முதல் 14 வாரம் ஆகும். 1,200 மீற்றர் அளவிலுள்ள இடங்களில் 10, 11 வாரத்தில் எடுக்கலாம். பதுளை நகரம் போலத் தாழ்ந்த, சூடான இடங்களில் கிழங்கை வெட்டினால் வெளிறிய வெள்ளை வளையங்கள் தெரியும். அது நோயல்ல, சூட்டின் விளைவு. சமைக்கலாம்; ஆனால் நிறமும் இனிப்பும் குறைவு.

நுவரெலியாவில் தை, மாசி விடியற்காலைகளில் பள்ளமான இடங்களில் உறைபனி விழும். நாலைந்து இலை விட்ட செடி லேசான உறைபனியைத் தாங்கும். முளைத்து இரட்டை இலையோடு நிற்கும் நாற்று கருகிவிடும். அந்த நாட்களில் மாலையிலேயே மானாப்புல்லையோ பழைய சாக்கையோ பாத்தியின் மேல் போர்த்தி, வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும்.

ஆறு வாரம் முன்பே மண்

தேயிலைக்கு உகந்த மண்ணின் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை. பீட்ரூட் கேட்பது 6.0 முதல் 6.8 வரை. தேயிலை மலையை ஒட்டிய பாத்தி பெரும்பாலும் பீட்ரூட்டுக்கு அளவு மீறிய புளிப்பாகத்தான் இருக்கும். ஓரத்தில் பன்னம் (பெரணி) தானாக முளைத்துச் செழிக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம். புளிப்பு மண்ணில் பீட்ரூட் முளைக்கும். ஆனால் மூன்று நான்கு இலையோடு குன்றி நிற்கும். வேர் நுனி தடித்துக் கட்டையாகி, போட்ட பசளையையே எடுக்க முடியாமல் போவதுதான் காரணம். விவசாயத் திணைக்களத்தில் மண்ணைப் பரிசோதிக்கக் கொடுக்கலாம். ஆலோசனைக்கு 1920 என்ற இலக்கத்தை அழைக்கலாம். ஒரு தடவை சோதித்த எண் நாலைந்து போகத்துக்கு வழிகாட்டும்.

பிஎச் 5.5 அளவில் இருந்தால் புளிப்பைக் குறைக்கப் பாத்திக்கு 600 கிராம் டொலமைட் போதும். 5.0க்குக் கீழே என்றால் 800 கிராம். அதற்கு மேல் ஒரே தடவையில் போடக் கூடாது. மீதியை அடுத்த போகத்துக்கு வைக்க வேண்டும். டொலமைட் மெதுவாகக் கரையும் கல்மாவு. விதைக்கிற அன்று தூவினால் அந்தப் பயிருக்கு அது உதவவே உதவாது. ஆறு வாரம் முன்பு தூவி, ஒரு அடி ஆழத்துக்கு முள்ளால் (மண் கிளறும் கவைக் கருவியால்) குத்திக் கிளறிக் கலக்க வேண்டும். இதில் மக்னீசியமும் உண்டு என்பதால் வெறும் சுண்ணாம்பைவிட நமக்கு இது பொருத்தம். மழை அரித்த மலை மண்ணில் மக்னீசியம் எப்போதும் குறைவு. முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாக இருக்க இடைவெளி மட்டும் மஞ்சளாவது அதன் அடையாளம்.

விறகடுப்புச் சாம்பல் சேருகிற வீட்டில் 300 கிராம் சாம்பலைச் சலித்துப் போட்டு, டொலமைட்டில் 150 கிராம் குறைக்கலாம். சாம்பலில் பொட்டாசியமும் இருக்கிறது. டொலமைட், சாம்பல் இரண்டையும் யூரியாவோடும் பச்சைச் சாணியோடும் ஒரே நாளில் கலக்காதீர்கள். நைதரசன் அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். மூக்கில் ஏறும் அந்த வாடை உங்கள் காசுதான்.

1848 அளவில் நுவரெலியாவில் பண்ணைக் குடியேற்றம் தொடங்கிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கரும், அந்த ஊர் மண்ணில் எரு இல்லாமல் பயிர் எழும்பாது என்பதைக் கண்டுகொண்டார். நன்றாக மக்கிய மாட்டெருவோ கூட்டுப்பசளையோ 8 கிலோ, விதைக்க இரண்டு வாரம் முன் மேல் ஆறு அங்குலத்தில் கலக்க வேண்டும். மக்கியதா என்று கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். சாணி வாடை வந்தால் இன்னும் ஆகவில்லை. மக்காத எருவும், குறிப்பாகப் பச்சைக் கோழியெருவும், இளவேரைச் சுட்டு ஆணிவேரைக் கிளைக்க வைக்கும். அப்புறம் கிடைப்பது இரண்டு மூன்று கால் முளைத்த கிழங்குதான். கல்லும் அதைத்தான் செய்யும். விரல் நுனிக்கு மேற்பட்ட கல்லை எல்லாம் பொறுக்கிக் கல்லுக்கட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காகவே போட வேண்டும். எட்டு அங்குல உயரம், சுற்றிலும் கான் (வடிகால்). சரிவோடு நீளவாக்கில் போட்ட பாத்தியில் ஒரே மழையில் மேல்மண்ணும் பசளையும் கீழ்ப்பாத்திக்காரருக்குப் போய்ச் சேரும்.

போரன்: நம் மண்ணில் விட்டுப்போகும் ஒன்று

வெளியே அழகாக இருக்கும் கிழங்கை வெட்டினால் உள்ளே கறுப்புத் திட்டு, தக்கை போல் காய்ந்த பகுதி. அழுகல் நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். கிழங்கு உறுதியாக இருந்து, நாற்றமும் இல்லையென்றால் அது பெரும்பாலும் போரன் என்ற நுண்சத்தின் குறைவு. நடுக்குருத்து இலைகள் சிறுத்து முறுக்கிக் கருகுவது அதன் மேல் அடையாளம். மழை போரனைக் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. சுண்ணாம்பை அளவுக்கு மேல் போட்டால் மீதமிருப்பதும் செடிக்கு எட்டாமல் போகிறது. நடுவில் இரண்டு வாரம் வறண்டால் குறை உடனே வெளியே தெரியும். டொலமைட் போடுகிற ஒவ்வொருவரும் போரனையும் நினைக்க வேண்டும்.

பாத்திக்கு 4 கிராம் போராக்ஸ் (போரன் உள்ள தூள்), அதாவது தட்டையாக வழித்த ஒரு தேக்கரண்டி. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, 5 லீற்றராக்கி, பூவாளியால் பாத்தி முழுவதும் சீராக ஊற்ற வேண்டும். விதைக்க ஒரு வாரம் முன்பு ஒரே தடவை. தூளாகத் தூவினால் ஓரிடத்தில் குவிந்து அந்த இடம் நஞ்சாகும். தேவைக்கும் நஞ்சுக்கும் இடையில் தூரம் மிகக் குறைவு. போஞ்சி (பீன்ஸ்) இதை அறவே தாங்காது, இலை ஓரம் கருகிவிடும். அளவைக் கூட்டவும் வேண்டாம், வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் போடவும் வேண்டாம்.

பீட்ரூட்டின் முன்னோர் கடற்கரைச் செடி. அதனால் மற்ற மரக்கறிகள் வெறுக்கும் கறியுப்பை இது விரும்பும். பொட்டாசியம் குறைந்த, தண்ணீர் நன்றாக வடியும் பாத்தியில் 80 கிராம் உப்பை விதைக்கு இரண்டு வாரம் முன்பு மண்ணில் கலக்கலாம். களிமண் என்றால் உப்பு வேண்டாம், மண் இறுகிவிடும்.

அடிப்பசளை: யூரியா 20 கிராம், டிஎஸ்பி (பொசுபரசுப் பசளை) 70 கிராம், எம்ஓபி (பொட்டாசியப் பசளை) 35 கிராம். விதைப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன் மேல் நாலு அங்குலத்தில் கலக்க வேண்டும். பல வருடம் உருளைக்கிழங்கு போட்ட மண்ணில் பொசுபரசு ஏற்கனவே தேங்கி நிற்கும். அங்கே டிஎஸ்பியைப் பாதியாக்கலாம், விட்டாலும் விளைச்சல் குறையாது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி நின்று விலை ஏறிய பிறகு இந்தக் கணக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் முக்கியம்.

விதை

கடைகளில் கிரிம்சன் குளோப், டெட்ராயிட் டார்க் ரெட் இரண்டும் கிடைக்கும். இரண்டும் உருண்டை ரகம். எஃப்1 கலப்பின விதை விலை கூட, ஆனால் கிழங்குகள் ஒரே அளவாக வரும். வீட்டுப் பாத்திக்கு முதல் இரண்டே போதும் என்பது எங்கள் முடிவு: ஒரே நாளில் எல்லாம் முற்றாமல் முன்பின்னாக வருவது வீட்டுக்கு வசதிதான்.

விதை என்று கையில் வருவது உண்மையில் ஒரு காய்க்கொத்து. உள்ளே இரண்டு முதல் நாலு விதை வரை இருக்கும். அதனால் ஒன்றைப் போட்டால் மூன்று முளைக்கும். பாத்தி நெருங்கிப்போவதன் ஆரம்பமே இங்கேதான். எவ்வளவு அளந்து போட்டாலும் கூடுதல் நாற்றைக் களைந்தே ஆக வேண்டும்.

அந்தக் காய்த்தோலில் முளைப்பைத் தடுக்கும் பொருட்கள் உண்டு. இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, நடுவில் இரண்டு தடவை தண்ணீரை மாற்றிக் கழுவினால் அவை நீங்கும். 12 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், விதை மூச்சுமுட்டிப் போகும். துணியில் பரப்பி நிழலில் ஈரம் வற்றவிட்டு அன்றைக்கே போட வேண்டும். இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் ஏற்றிய விதை, பூஞ்சண மருந்து பூசியது. அதை ஊறவைக்காமல், கையுறையோடு அப்படியே போடுங்கள்.

4 கிராம் விதை போதும். மூன்று வரிசை, வரிசைக்கு வரிசை 12 அங்குலம், ஓரத்தில் 6 அங்குலம். முக்கால் அங்குல ஆழத்தில் கோடு கீறி, இரண்டு அங்குலத்துக்கு ஒரு காய். மூடுவதற்குப் பாத்தி மண்ணைவிடச் சலித்த கூட்டுப்பசளை நல்லது. மழை அடித்து மேல் இறுகாமல் இருக்கும். மேலே மானாப்புல்லை மெல்லியதாகப் பரப்பி, முளை தலைகாட்டியதும் எடுத்து வரிசை நடுவில் போட்டுவிடலாம். குளிரைப் பொறுத்து 7 முதல் 14 நாளில் முளைக்கும்.

முளைத்த முதல் பத்து நாள் வெட்டுப்புழுவுக்கும் நத்தைக்கும் விருந்து நாள். இரவில் டோர்ச்சோடு போய்ப் பொறுக்குவதை மிஞ்சிய வழி சிறிய பாத்திக்கு இல்லை. காலையில் நாற்று தரையோடு வெட்டுப்பட்டுக் கிடந்தால், அதன் அடியில் ஒரு அங்குல மண்ணைக் கிளறினாலே புழு சுருண்டு கிடக்கும்.

களைதல்: கிழங்கின் அளவு முடிவாகும் இடம்

பீட்ரூட்டைக் குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாகத் தெரியும். அந்த வளையங்களில் பெரும்பாலானவை செடி இளமையாக இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. பின்னால் நடப்பது, உள்ள வளையங்கள் தடிப்பது மட்டுமே. அதனால்தான் முதல் வாரங்களில் நெருக்கத்தில் வதங்கிய செடிக்குப் பத்தாவது வாரத்தில் இடம் கொடுத்தாலும் அது பெரிதாகப் பருப்பதில்லை. மனம் கேட்காமல் விட்டுவைக்கும் ஒவ்வொரு கூடுதல் நாற்றும் பக்கத்தில் இரண்டு கிழங்கைச் சிறுக்க வைக்கும்.

முதல் களைதல், உண்மையான இலை இரண்டு வந்ததும். விதைத்து ஏறக்குறைய மூன்று வாரம். ஒரு கொத்தில் தடித்த ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் மண் மட்டத்தில் நறுக்க வேண்டும். பிடுங்கினால் ஒட்டி நிற்கும் நல்ல செடியின் வேரும் அசையும். இடைவெளி விழுந்த இடத்துக்கு நாற்று வேண்டுமானால் மட்டும், பாத்தியை நன்றாக நனைத்து, மெல்லிய குச்சியால் கெல்லி எடுத்து நடலாம். கரட்டைப் போல் அல்ல, பீட்ரூட் நாற்று இடம் மாறுவதைப் பொறுக்கும். ஆனால் நுனிவேர் மடங்காமல் நேராக இறங்கும்படி ஆழமாகக் குழி போட வேண்டும். மாலையில் நட்டு, மூன்று நாள் நிழல் கட்டவும்.

இரண்டாம் களைதல் ஐந்தாம், ஆறாம் வாரத்தில். இதற்குள் கிழங்கு கோலிக்குண்டு அளவுக்கு வந்திருக்கும். இப்போது செடிக்குச் செடி நாலு அங்குலம் இருக்கும்படி ஒன்றுவிட்டு ஒன்றைப் பிடுங்குங்கள். பிடுங்கியதை எறிய வேண்டாம்: இலையைச் சிறிதாக அரிந்து தேங்காய்ப்பூ, பச்சைமிளகாய், சின்ன வெங்காயம் போட்டுச் சுண்டினால் அன்றைய சோற்றுக்கு ஆகும். இன்னும் பெரிய கிழங்கு வேண்டுமென்றால் ஆறு அங்குலம் விடலாம். எண்ணிக்கை குறையும், ஒவ்வொன்றும் கனக்கும். எட்டு அங்குலத்துக்கு மேல் விடுவதில் பயனில்லை. மிதமிஞ்சிப் பருத்தது நாராகும்.

நாலாம் வாரத்தில் முதல் தடவை களை எடுத்ததும் யூரியா 20 கிராம், எம்ஓபி 20 கிராம், வரிசைக்கு இரண்டு அங்குலம் தள்ளிக் கோடு கீறிப் போட்டு மூட வேண்டும். இலையில் படக்கூடாது. இதோடு யூரியா முடிந்தது. ஏழாம் வாரத்துக்குப் பிறகு போடும் யூரியா இலைக்கே போகும்.

தண்ணீர், இலை, மிருகம்

வாரத்துக்கு ஒரு அங்குல மழை, அல்லது அதற்கு ஈடாகப் பாத்திக்கு 70 லீற்றர். 10 லீற்றர் வாளியால் ஏழு. இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து ஊற்ற வேண்டும். ஐந்தாம் வாரம் முதல் ஒன்பதாம் வாரம் வரை ஈரம் ஏறி இறங்கக் கூடாது. காய விட்டு, பிறகு ஒரேயடியாகத் தண்ணீர் கட்டினால் கிழங்கு வெடிக்கும். வெடிப்பு வழியாக அழுகல் நுழையும். மழை நாட்களில் வெடிப்பைத் தடுக்க உயர்ந்த பாத்தியும் கானும்தான் வழி. வரிசைகளுக்கு நடுவில் குவாட்டமாலாப் புல்லையோ மானாப்புல்லையோ நறுக்கி இரண்டு அங்குலத் தடிப்பில் போட்டால் ஈரமும் நிலைக்கும், களையும் அடங்கும். மண்ணுக்கு மேலே தெரியும் தோள்பகுதி தடித்துச் சொரசொரப்பாகும்; அதற்கு லேசாக மண் அணைக்கலாம். குருத்தை மட்டும் மூடாதீர்கள்.

சாம்பல் நடுவும் செந்நீல விளிம்பும் உள்ள வட்டப் புள்ளிகள் இலையில் வந்தால் அது செர்க்கொசுப்போரா இலைப்புள்ளி. தொடர் ஈரத்தில் வேகமாகப் பரவும். அடியிலுள்ள புள்ளி இலைகளை மட்டும் ஒடித்துத் தோட்டத்துக்கு வெளியே புதைத்து, தண்ணீரை மண்ணுக்கு மட்டும் ஊற்றினால் வீட்டுப் பாத்தியில் பெரும்பாலும் சமாளிக்கலாம். பயந்து பாதி இலையை ஒடிப்பவர்கள் கிழங்கை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். கிழங்கைப் பருக்க வைப்பது அந்த இலைதான்.

எட்டாம் வாரத்தில் கிழங்கு இன்னும் கோலிக்குண்டாகவே இருந்தால் முதலில் நெருக்கத்தைப் பாருங்கள், பிறகு நிழலை. கிரவீலியா மரத்தடியிலும், மேல்பக்கப் போஞ்சிப் பந்தலின் நிழலிலும் இலை மட்டும் நீளும். ஒரு நாளைக்கு ஆறு மணித்தியால வெளிச்சமாவது வேண்டும். கிளையை வெட்டி, செடிகளை ஆறு அங்குலத்துக்குக் களைந்து, எம்ஓபி 20 கிராம் போட்டால் மீதியில் பாதியாவது தேறும். ஒன்றைப் பிடுங்கி வெட்டியும் பாருங்கள். உள்ளே கறுப்பு தொடங்கியிருந்தால், இந்தப் பாத்திக்குத் தொடக்கத்தில் போராக்ஸ் ஊற்றாத பட்சத்தில் மட்டும், ஒரு லீற்றர் தண்ணீரில் 1.5 கிராம் கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். கறுத்தது திரும்பாது, புதிதாக வளரும் பகுதி தப்பும்.

காட்டோரத் தோட்டங்களில் முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் இனிப்பு ஏறும் பத்தாம் வாரத்தில்தான் வரும். அதற்கு முன்பே தகரத்தையோ கம்பிவலையையோ ஒரு அடி மண்ணுக்குள் இறக்கி வேலி போட வேண்டும். மேலே மட்டும் கட்டினால் முள்ளம்பன்றி அடியில் தோண்டி வந்துவிடும்.

எடுப்பது

தோளின் குறுக்களவு இரண்டரை அங்குலம் தாண்டியவற்றை முதலில் எடுங்கள். அது 150 முதல் 200 கிராம் வரை கனக்கும். பக்கத்துச் செடிகள் அந்த இடத்தைப் பிடித்து, இரண்டு வாரத்தில் அதே அளவுக்கு வந்துவிடும். நாலு அங்குலம் தாண்ட விட்டு வைப்பதால் நிறைதான் கூடும். நடு நாராகி, வேகவும் நேரம் பிடிக்கும். பூத்தண்டு ஏறிவிடுமோ என்ற பயம் இங்கே அதிகம் வேண்டாம். நீண்ட குளிரும் அதற்குப் பிறகு நீண்ட பகலும் சேர்ந்தால்தான் பீட்ரூட் பூக்கும். நம் பகல் வருடம் முழுவதும் 12 மணித்தியாலத்தை ஒட்டியே நிற்கிறது.

முள்ளைக் கிழங்குக்கு நாலு அங்குலம் தள்ளிக் குத்தி நெம்பி எடுக்க வேண்டும். இலையைக் கத்தியால் வெட்டாமல் இரண்டு அங்குலம் விட்டுத் திருகி ஒடியுங்கள். நுனிவேரையும் நறுக்க வேண்டாம். வெட்டுப்பட்ட இடத்தால் சாறு வடிந்து நிறமும் ருசியும் போகும். வைக்கப்போவதைக் கழுவாமல், ஈர மணல் பரப்பிய பெட்டியில் அடுக்கி, குளிர்ந்த இருட்டறையில் வைத்தால் சில வாரம் சுருங்காது.

பாத்தி காலியானதும் மறுபடியும் பீட்ரூட் வேண்டாம். கோவா (முட்டைக்கோசு), நோக்கோல் போட்டு வேர்முடிச்சு நோய் (கிளப்ரூட்; நூற்புழுவால் வருவது அல்ல) வந்த நிலத்தில், அந்த நோய் தொடாத பயிர் என்பதால் பீட்ரூட் நல்ல மாற்றுப்பயிர். ஆனால் ஒரு போகம் போட்டதும் நோய் தீர்ந்தது என்று கோவாவுக்குத் திரும்பாதீர்கள். அதன் வித்திகள் பத்து வருடத்துக்கு மேல் மண்ணில் கிடக்கும். லீக்ஸ் போடுங்கள், அதற்கடுத்து கரட். போராக்ஸ் ஊற்றிய பாத்தியில் போஞ்சி அடுத்த வருடம் வரட்டும்.